ஓய்வுபெற்ற முதல் வருடம்: நாளையும் மனசையும் எந்த வரிசையில் சீர்செய்வது?

வேலையை விட்டு நின்றவரைப் பார்த்தால் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். கோயிலுக்குப் போங்க, பேரப்பிள்ளைகளோட இருங்க, காலையில நடங்க. எதுவும் தப்பான யோசனை இல்லை. ஆனால் ராத்திரித் தூக்கம் கெட்டு, ஒரு காது சரியாகக் கேட்காமல், சேமநிதிப் பணம் எத்தனை நாளைக்கு வரும் என்ற கவலையோடு இருக்கும் ஒருவரைக் கோயில் கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தால், அரை மணி நேரத்தில் செருப்பைத் தேடுவார். அப்புறம் வீட்டுக்கு வந்து "நமக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று முடிவுகட்டிவிடுவார். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்ததால் வந்த வினை இது.

மலேசியாவில் ஒரு தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன் நான். இப்போது சுங்கை சிப்புட் என்ற ஊரில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறேன். பாரம் (விண்ணப்பப் படிவம்) நிரப்பித் தரச் சொல்லி வருகிறவர்கள் அதிகம், பாரம் முடிந்தபிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பவர்கள் அதைவிட அதிகம். அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் இந்த வரிசையை எழுதுகிறேன். தோட்டத்து வேலை, தொழிற்சாலை வேலை, லோரி ஓட்டியவர், பள்ளியில் தோட்டக்காரராக இருந்தவர் என்று யாருக்கும் பொருந்தும். மனசு ரொம்பவே கனமாக இருப்பவர்கள் மட்டும் மற்றதை விட்டுவிட்டு நேராக 8-ஆம் பகுதிக்குப் போங்கள்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று 2013 ஜூலையிலிருந்து சட்டம் இருக்கிறது. அதனால் கடைசி நாள் எது என்று முன்கூட்டியே தெரியும். அதற்கு மூன்று மாதம் முன்பே இவற்றை எடுத்து ஒரு பையில் போட்டு வையுங்கள்: ஐசி (அடையாள அட்டை), கிளினிக் புத்தகம், இப்போது சாப்பிடும் மருந்துகளின் உறை, ஈபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) கணக்கு அறிக்கை, பிள்ளைகள் எழுதும் சாதாரணப் பயிற்சிப் புத்தகம் ஒன்று, மளிகைக் கடையில் தருகிற பெரிய எழுத்து நாட்காட்டி ஒன்று.

நாட்காட்டி எதற்கு என்று கேட்பார்கள். வேலைக்குப் போனவரை கிழமை தானாகத் தெரிந்தது, சம்பள நாள் தெரிந்தது. நின்ற பிறகு செவ்வாயும் சனியும் ஒன்றாகிவிடும், அந்தக் குழப்பமே சிலரைச் சோர வைக்கிறது. அதனால் அது எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் தொங்க வேண்டும், அலமாரிக்குள் இல்லை.

1. எங்கே குடியிருப்பது என்பதை முதலில் தீருங்கள்

தோட்ட வீட்டில் இருப்பவருக்கு வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பிள்ளைகள் அன்பாகத்தான் கூப்பிடுவார்கள்: "அப்பா, எதுக்குத் தனியா கெடக்குறீங்க, கிள்ளானுக்கு வந்துடுங்க." சரி என்று லயத்து வீட்டைக் காலி செய்து, கோழியைக் கொடுத்து, மோட்டாரை விற்று, கிளம்பிவிடுவார்கள். போன இடம் ஏழாவது மாடி. மகனும் மருமகளும் விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு வருவார்கள். நடுவில் இருப்பது தொலைக்காட்சியும் பூட்டிய கிரில்லும்.

வேலை, வீடு, அக்கம்பக்கம் மூன்றையும் ஒரே மாதத்தில் இழக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த முதல் படியின் நோக்கம். ஒன்று போனால் மற்ற இரண்டைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடலாம்.

அதனால் ஒரேயடியாகப் போகாதீர்கள். முதலில் இரண்டு மூன்று வாரம் தங்கிப் பாருங்கள், பள்ளி விடுமுறையில் வேண்டாம், எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போகிற சாதாரண வாரங்களில். யாரையும் கேட்காமல் ஒரு கடைக்கு நடந்து போய் வர முடிகிறதா, பகலில் தமிழில் பேச ஒரு ஆள் இருக்கிறாரா, உங்கள் கையில் ஒரு சாவி இருக்கிறதா என்று மூன்றைக் கவனியுங்கள். இரண்டுக்கு இல்லை என்று பதில் வந்தால், பழைய தோட்டத்துக்குப் பக்கத்து ஊரிலேயே ஒரு வருடத்துக்குச் சின்ன வீடாக வாடகைக்கு எடுப்பது நல்லது. வாடகை கொடுப்பது வீண் என்று சொல்வார்கள். ஒரு வருடம் கழித்து யோசித்து மாறுவதற்கான விலை அது.

மோட்டாரை விற்காதீர்கள். கண்ணைச் சோதித்துக்கொண்டு, மழையிலும் இருட்டிலும் ஓட்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதிரி ஊரில் பஸ்ஸை நம்பி எங்கும் போக முடியாது, அந்தப் பழைய ஹோண்டா போனால் காலே போன மாதிரி.

2. முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதி மட்டும் வையுங்கள்

பயிற்சிப் புத்தகத்தில் நாளுக்கு ஒரு பக்கம். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள், பகலில் எவ்வளவு நேரம் தூங்கினீர்கள், வீட்டார் தவிர யாரோடு பேசினீர்கள். அவ்வளவுதான். எழுத வராதவர்களுக்குப் பேரப்பிள்ளை எழுதித் தரலாம், அதுவே பத்து நிமிடப் பேச்சாகிவிடும்.

உடனே எதையாவது மாற்றத் துடிப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். என்ன கெட்டிருக்கிறது என்று தெரியாமல் எதைச் சரிசெய்வது? பலருக்கும் புத்தகத்தைப் பார்த்தபிறகுதான் தெரிகிறது, நான்கு நாளாகக் கடைக்காரரைத் தவிர வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று.

தூக்கத்தை இதில் கவனமாகப் பாருங்கள். பிரட்டுக்கு (வேலைக்கு முன் காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவதற்கு) போன உடம்பு நாலரை மணிக்கு எழுந்துகொள்ளும், வேலை நின்றது உடம்புக்குத் தெரியாது. வயதாக ஆக சீக்கிரம் தூக்கம் வந்து சீக்கிரம் விழிப்பதும் இயல்பு. ஒன்பது மணிக்குப் படுத்து நாலு மணிக்கு விழித்தவர் ஏழு மணி நேரம் தூங்கிவிட்டார். அவர் "எனக்குத் தூக்கமே இல்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை, தூக்க மாத்திரையும் தேவையில்லை.

உண்மையான கோளாறு பெரும்பாலும் மத்தியானத்தில்தான் இருக்கிறது. சாப்பிட்டுப் படுத்து மூன்று மணி நேரம் தூங்கினால் ராத்திரி எப்படி வரும்? அரை மணி நேரம் போதும், மூன்று மணிக்கு மேல் வேண்டாம். ராத்திரி தூக்கம் வரவில்லையே என்று கொஞ்சம் தண்ணி போடுபவர்களும் உண்டு. அது முதலில் தூங்க வைத்து நடுராத்திரியில் எழுப்பிவிடும், மறுநாள் மனசு இன்னும் கீழே போகும். தோட்டத்திலேயே அந்தப் பழக்கம் இருந்தவர்கள் இந்த முதல் மூன்று மாதத்தில் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், தடுக்க மண்டோர் (மேற்பார்வையாளர்) இல்லை, மறுநாள் வேலையும் இல்லை.

3. நாளுக்கு மூன்று நிலையான நேரங்கள்

மூன்றாவது வாரத்தில் ஒரு நாளுக்கு மூன்று நேரத்தை மட்டும் கட்டிப்போடுங்கள். காலை எட்டு மணிக்குள் குளித்து, உடுத்தி, வீட்டு வாசலைத் தாண்ட வேண்டும். மத்தியானத்துக்குள் கையால் ஒரு வேலையை முடிக்க வேண்டும், தொட்டி கழுவுவதோ கறிவேப்பிலைச் செடிக்குப் பாத்தி கட்டுவதோ எதுவானாலும் சரி. சாயங்காலம் வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவரோடு பேச வேண்டும், நேரிலோ போனிலோ.

மனசு நன்றாக இருந்தால் செய்யலாம் என்று காத்திருக்கக் கூடாது. சோர்ந்த மனசு தானாக எழுந்து வருவதில்லை. கால் முதலில் வாசலைத் தாண்டினால் மனசு பின்னால் வரும், மனநல மருத்துவத்திலேயே சோர்வுக்கு இப்படித்தான் தொடங்குகிறார்கள்: முதலில் செயல், உற்சாகம் அப்புறம்.

இங்கே நடக்கும் தவறு, பள்ளிக்கூட அட்டவணை மாதிரி ஐந்து மணி யோகா, ஆறு மணி தேவாரம், ஏழு மணி நடை என்று எழுதி ஒட்டுவது. ஐந்தாம் நாள் கிழித்துப் போடுவார்கள். மூன்று போதும். தொலைக்காட்சி நாடகத்தை இந்த மூன்றில் ஒன்றாக எண்ணாதீர்கள், அது பாட்டுக்கு இருக்கட்டும்.

4. மனசைக் குறை சொல்லுமுன் உடம்பைச் சோதியுங்கள்

சோம்பலாக இருக்கிறது, எதிலும் பிடிப்பில்லை, பெயர் மறந்து போகிறது, கோபம் வருகிறது. இதெல்லாம் மனசோர்வாகவும் இருக்கலாம், தைராய்டு குறைவாகவும் இருக்கலாம், வைட்டமின் பி12 குறைவாகவும் இருக்கலாம். இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு) மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு, நம்மவர்களில் அந்த மாத்திரை இல்லாத வீடு ஏது? ரத்தச் சோதனையில் தெரிந்துவிடும் விஷயத்துக்கு ஆறு மாதம் மனசை நொந்துகொண்டிருக்க வேண்டாம்.

கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கு, ஐசியோடு போங்கள். மலேசியக் குடிமக்களுக்குச் சாதாரணச் சிகிச்சைக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் ரஹ்மா உதவித்தொகை பெறும் குடும்பம் என்றால் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு பெக்கா பி40 என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை இருக்கிறது, அதில் சேர்ந்த தனியார் கிளினிக்கிலும் செய்யலாம். நிறைய பேர் தகுதி இருந்தும் போவதில்லை.

காதை விட்டுவிடாதீர்கள், இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரப்பர் ஆலையிலும் செம்பனை ஆலையிலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வருடக்கணக்கில் நின்றவர்களுக்குக் காது மெல்ல மந்தமாகியிருக்கும், அவர்களுக்கே தெரியாது. கோப்பிக் கடையில் நாலு பேர் பேசும்போது பாதி புரியாது. சிரிக்கும் இடத்தில் சிரிக்க முடியாது. இரண்டு முறை "என்ன, என்ன" என்று கேட்டுவிட்டு மூன்றாம் முறை வெட்கப்பட்டுப் பேசாமல் இருப்பார், நாலாம் வாரம் கடைக்கே வரமாட்டார். வீட்டில் "அவருக்குத் திமிர், யாரோடும் பழகமாட்டார்" என்பார்கள். சில சமயம் வெறும் காதுக் குரும்பியாக இருக்கும், கிளினிக்கில் எடுத்துவிடுவார்கள். ஆட்களோடு பழகுவதைப் பற்றிய பகுதியை இதற்குப் பின்னால் வைத்திருப்பதே இதனால்தான்.

கண்ணும் அப்படித்தான். இனிப்புநீர் இருந்தால் வருடம் ஒருமுறை கண்ணின் உட்பகுதியைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சாயங்காலம் வெளியே போக மாட்டேன் என்பவர்களில் பலர் இருட்டில் பார்வை தெரியாமல்தான் போகவில்லை.

நடை வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது நாளுக்கு அரை மணி வீதம் ஐந்து நாள். அதோடு வாரத்தில் மூன்று நாளாவது ஒற்றைக்காலில் நிற்பது, நாற்காலியைப் பிடித்து எழுந்து உட்கார்வது போன்ற பயிற்சி. தோட்டத்தில் நடந்த நடை இருக்கிறதே என்று விடாதீர்கள். இப்போது தேவைப்படுவது விழாமல் நிற்கிற பலம். ஒருமுறை விழுந்தவர் பயத்தில் வீட்டைவிட்டு இறங்கமாட்டார், தனிமை அங்கேதான் தொடங்கும்.

5. பணத்தைப் பற்றி வாயைத் திறந்து பேசுங்கள்

பணக் கவலை இருக்கும்போது எந்தப் பொழுதுபோக்கும் ஒட்டாது. அதனால் ஆட்களைத் தேடிப் போகுமுன் இதை முடித்துவிடுங்கள்.

ஈபிஎஃப் பணத்தை முழுதாக எடுத்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. தேவையான அளவு மட்டும் எடுக்கலாம், மாதாமாதம் ஒரு தொகை வருகிற மாதிரியும் ஏற்பாடு செய்யலாம், மீதிக்கு 100 வயது வரை லாப ஈவு உண்டு. மாதாமாத ஏற்பாட்டைத்தான் நான் எல்லாருக்கும் சொல்வது. முப்பது வருடம் சம்பளத்துக்குப் பழகிய மனசு மாதத்தில் ஒரு நாள் பணம் வந்தால் நிதானமாக இருக்கிறது, பெரிய தொகை மொத்தமாகக் கணக்கில் கிடந்தால் தூங்குவதில்லை.

சுங்கை சிப்புட்டில் இருப்பவர்களுக்கு ஈப்போ அலுவலகம் வசதி. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போங்கள். அங்கே போகும்போது வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள், இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது போட்ட அம்மா பெயரே இன்னும் இருக்கும் சிலருக்கு.

அப்புறம் பிள்ளைகள். பணம் வந்தது தெரிந்த மாதத்திலேயே ஒரு மகனுக்குக் கார் முன்பணம் தேவைப்படும், ஒரு மகளுக்கு வீட்டுக்கடன் நெருக்கும். கேட்பது தப்பில்லை, பெற்றவர்களிடம் கேட்காமல் யாரிடம் கேட்பார்கள். ஆனால் பதிலை அன்றே சொல்லாதீர்கள். "தம்பி, அம்மாவும் நானும் மூணு மாசம் கழிச்சுத்தான் பணத்தைத் தொடுறதுன்னு முடிவு பண்ணிருக்கோம்" என்ற ஒரே வாக்கியத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்கு இல்லை என்று வந்தால் அடுத்த தீபாவளிக்கு வீட்டில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். பணம் போனதைவிட அதுதான் இவர்களை உடைக்கிறது.

மோசடிக்காரர்களும் இந்த நேரத்தைத்தான் பார்க்கிறார்கள். போலீஸ் பேசுகிறேன், வரி இலாகா பேசுகிறேன், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது, யாரிடமும் சொல்லக் கூடாது என்று போன் வரும். நாள் முழுக்க யாரும் கூப்பிடாத ஒருவருக்கு ஒரு மணி நேரம் மரியாதையாகப் பேசும் குரல் கிடைத்தால், மாட்டிக்கொள்வது புத்திக்குறைவால் இல்லை. "யாரிடமும் சொல்லாதே" என்று சொன்னவுடனே போனை வைத்துவிட்டு வீட்டில் ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே 997-ஐ அழையுங்கள், வெட்கப்பட்டுத் தாமதிக்கிற நேரத்தில் பணம் கைமாறிவிடும்.

கையில் சேமிப்பே இல்லாதவர்கள், பிள்ளைகளும் பார்க்காதவர்கள், சமூகநல இலாகாவில் மூத்த குடிமக்களுக்கான மாத உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 60 வயதும் வருமானக் குறைவும் முக்கியம். பிச்சை கேட்கிற மாதிரி இருக்கிறது என்பவர்களுக்கு என் பதில், நீங்கள் வெட்டிய ரப்பர் பாலில் இந்த நாட்டுக்கு வரி போயிருக்கிறது.

6. வீட்டுக்குள் இடம் பிரித்துக்கொள்ளுங்கள்

இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஆனால் என்னிடம் வரும் மனைவிமார்கள் இதைத்தான் பேசுகிறார்கள். காலை ஐந்து மணிக்குப் போய் மத்தியானம் வந்த மனுஷர் இப்போது நாள் முழுக்க வீட்டில். அடுப்படியில் வந்து நின்று, வெங்காயம் எதுக்கு இவ்வளவு, குழாயை ஏன் திறந்து விட்டிருக்கே, யாரோட போன்ல பேசுற என்று கேள்வி. அவருக்கு மேற்பார்வை பார்க்க ஆள் இல்லை, கிடைத்த ஒரே ஆள் மனைவி.

ஆலோசனை சொல்வதை நிறுத்திவிட்டு ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முழுதாக என்றால், மீன் வாங்குவது மட்டும் இல்லை, பசாருக்குப் போய் பேரம் பேசி வாங்கி, செதில் எடுத்து, கழுவி, தொட்டியையும் சுத்தம் செய்து கொடுப்பது. அரைகுறையாக உதவுபவரால் இன்னொருவருக்கு இரட்டை வேலை. முழுதாக எடுத்தவருக்கு அதில் ஒரு உரிமை வரும், "இன்னிக்கு கெம்போங் மீன் நல்லா இருந்துச்சு" என்று சொல்வதற்குப் பேச்சும் இருக்கும்.

பெண்களுக்கு வேறு சங்கடம். பால் வெட்டிவிட்டு வந்து சமைத்தவர்களுக்கு வெட்டுவது மட்டும்தான் நிற்கிறது, சமையல் நிற்பதில்லை. அதோடு பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் வரும். பேரப்பிள்ளை மேல் பாசம் இருக்கும்போதே முதுகுவலியும் இருக்கும், இரண்டையும் சொல்ல வேண்டும். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி வரை என்று முதல் வாரத்திலேயே பேசிவிடுவது நல்லது, மூன்று மாதம் கழித்துச் சொன்னால் கோபத்தில் சொன்ன மாதிரி ஆகிவிடும். "ஐயா, வெள்ளிக்கிழமை மட்டும் அம்மாவுக்கு வுட்டுடுப்பா, கோயிலுக்குப் போகணும்" என்று ஒரு நாளைக் கேட்டு வாங்குங்கள்.

துணையை இழந்து தனியாக இருப்பவர்கள் சாப்பாட்டைக் கவனியுங்கள். ஒரு ஆளுக்கு எதுக்குச் சமைக்க என்று ரொட்டியும் தேத்தண்ணியுமாக ஓட்டுகிறார்கள். பக்கத்து வீட்டில் காசு கொடுத்தாவது ஒரு வேளைச் சாப்பாடு பேசிக்கொள்ளுங்கள், சாப்பாட்டோடு ஒரு முகமும் கிடைக்கும்.

7. இப்போது ஆட்கள், அப்புறம் பொறுப்பு

நான்காவது மாதத்துக்கு மேல்தான் இங்கே வர வேண்டும். முதலில் போகவர ஒரு இடம்: ஒரே கோப்பிக் கடை, ஒரே நேரம், வாரத்தில் இரண்டு மூன்று நாள். கடை மாற்றாதீர்கள். ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் பழக்கம், ஒரு நாள் வராவிட்டால் "எங்கே அண்ணனைக் காணோம்" என்று கேட்க ஆள் வேண்டும்.

பெண்களுக்குக் கோப்பிக் கடை ஒத்துவராது, நம் ஊர் அப்படி. வெள்ளிக்கிழமை கோயில் சமையல்கட்டு, பூக்கட்டும் இடம், தேவார வகுப்பு ஆகியவற்றில் ஒன்றைப் பிடியுங்கள். ஆண் பெண் இருவருக்கும் சமூகநல இலாகாவின் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்கள் இருக்கின்றன, பாவே என்று சொல்வார்கள், 60 வயதானவர்கள் சேரலாம். பல அரசாங்கக் கிளினிக்குகளில் வார்கா எமாஸ் (மூத்த குடிமக்கள்) சங்கமும் உண்டு, நர்ஸிடம் கேட்டால் எந்தக் கிழமை என்று சொல்வார். மலாய்க்காரர்களும் சீனர்களும் இருப்பார்களே என்று தயங்குகிறவர்கள் தோட்டத்துக் கடையில் இத்தனை வருடம் யாரோடு கடன் சொல்லிப் பேசினார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

பழைய தோட்டத்து ஆட்கள் பத்து ஊருக்குச் சிதறிப் போயிருப்பார்கள். வாட்ஸ்ஆப்பில் காலை வணக்கப் படம் அனுப்புவதைப் பேச்சு என்று கணக்கில் எடுக்காதீர்கள். வாரம் ஒருவரைக் கூப்பிட்டுக் குரலில் பேசுங்கள். சுங்கை சிப்புட்டில் இடிஎஸ் என்ற விரைவு ரயில் நிற்கிறது, மூத்த குடிமக்களுக்கு டிக்கெட்டில் கழிவும் உண்டு, கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் பார்க்காமல் ஒருமுறை சும்மாவும் போய்ப் பார்க்கலாம்.

கோயில் நிர்வாகத்தில் முதல் வருடம் பதவி வேண்டாம். நான்கு பேர் வந்து "உங்களைப் போல அனுபவசாலிதான் வேணும்" என்று செயலாளராக்குவார்கள், ஆறாம் மாதம் கணக்குச் சண்டையில் ரத்தக் கொதிப்பு ஏறிப் படுப்பீர்கள். தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றுங்கள், பதவியை அப்புறம் பார்க்கலாம்.

பதவி வேண்டாம், ஆனால் யாராவது உங்களுக்காகக் காத்திருக்கும் வேலை ஒன்று வேண்டும். தமிழ்ப்பள்ளித் தோட்டத்துக்கு வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றுவது, வாசிக்கத் தெரியாத பெரியவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது. பொழுதுபோக்கு நம் இஷ்டத்துக்கு, விட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். காத்திருக்கும் ஆள் இருந்தால் மழை நாளிலும் எழுந்து போவோம். காசு தரும் வேலை என்றால் பகல் நேரம், அரை நாள். பன்னிரண்டு மணி நேர இரவுக் காவல் வேலையை எடுத்தவர்கள் இரண்டாம் படியில் சேர்த்த தூக்கத்தை முழுதாகக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

8. எப்போது கிளினிக்கில் மனசைப் பற்றிச் சொல்ல வேண்டும்

இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்கள் மனசு கனமாக இருந்தால், முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால், போக வேண்டும். வயதானவர்களிடம் இது பெரும்பாலும் அழுகையாக வராது. தலைவலி, வயிற்று எரிச்சல், உடம்பெல்லாம் வலி, சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைகிறது, "நான் எல்லாருக்கும் பாரம்" என்று அடிக்கடி சொல்வது, இப்படித்தான் வரும். வீட்டார் இதை மூப்பு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மூப்பில் முழங்கால் வலிக்கும், வாழ்க்கை வெறுத்துப் போகாது.

போகாததற்கு இந்தப் பக்கத்தில் பெரிய காரணம் ஒரு ஊர்ப் பெயர். தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். சின்ன வயதிலிருந்து அந்தப் பெயரைக் கிண்டலாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அங்கே இருப்பது பகாகியா உலு கிந்தா மருத்துவமனை, கடுமையான நோய்க்கும் நல்ல சிகிச்சை தரும் இடம்தான். ஆனால் கிளினிக்கில் மனசு சரியில்லை என்று சொன்னவுடனே அங்கே அனுப்புவதில்லை. சில கேள்விகள் கேட்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், பேசுவார்கள், தேவைப்பட்டால் மாத்திரை தருவார்கள், மறுபடி வர ஒரு தேதி போடுவார்கள்.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முதுகுவலி என்று சொல்லிவிட்டு மாத்திரையோடு திரும்புகிறவர்கள் உண்டு. இரண்டாம் படியில் எழுதிய புத்தகத்தைக் கொண்டுபோய் டாக்டர் முன் வையுங்கள். மலாயில் "ஹாத்தி சூசா, தாக் போலே தீடோர், சூடா டுவா மிங்கு" (மனசு கஷ்டமா இருக்கு, தூங்க முடியல, ரெண்டு வாரம் ஆச்சு) என்றாலே போதும், மீதியை அவர் கேட்டுக்கொள்வார். மாத்திரை தந்தால் பலன் தெரிய சில வாரம் ஆகும். ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று விடுவதும், மனசு நன்றானதும் திடீரென்று நிறுத்துவதும் அடிக்கடி நடக்கும் தவறுகள். நிறுத்துவது பற்றி டாக்டரிடம்தான் பேச வேண்டும்.

செத்துப் போனால் நல்லது என்ற எண்ணம் வந்தால் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவு, அல்லது 999. பேசுவதற்கு ஆள் வேண்டும் என்றால் இந்த உதவி எண்கள் இருக்கின்றன: சுகாதார அமைச்சின் ஹீல் 15555, அரசாங்கத்தின் தாலியான் காசே 15999, தொண்டர்கள் நடத்தும் பிஃபிரெண்டர்ஸ் 03-76272929. தாலியான் காசேயும் பிஃபிரெண்டர்ஸும் 24 மணி நேரமும் எடுப்பார்கள். வீட்டார் செய்ய வேண்டியது, அப்படி அவர் சொன்னதை யாராவது காதில் கேட்டால் நேராகவே கேளுங்கள், "அப்பா, உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, சொல்ல வழி கிடைக்கிறது. அவரைத் தனியாக விடாதீர்கள். தோட்டத்துக் காலப் பழக்கத்தில் வீட்டுப் பின்பக்கம் களைக்கொல்லிப் போத்தல் இருந்தால் அதையும், மிச்சமிருக்கும் மாத்திரைகளையும் அன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

9. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புத்தகத்தைத் திறங்கள்

முதல் இரண்டு வாரம் எழுதிய மாதிரியே ஒரு வாரம் மட்டும் மறுபடி எழுதி, பழைய பக்கத்தோடு ஒப்பிடுங்கள். வீட்டார் தவிர பேசிய ஆட்கள் கூடியிருக்கிறார்களா, பகல் தூக்கம் குறைந்திருக்கிறதா, இந்த மாதம் யாருக்காவது நீங்கள் தேவைப்பட்டீர்களா? எது குறைந்திருக்கிறதோ அந்தப் படிக்கு மட்டும் திரும்பிப் போங்கள், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

தீபாவளி முடிந்து பிள்ளைகள் காரேறிய மறுவாரம் எல்லாருக்கும் மனசு இறங்கும், அதை வைத்து ஒப்பிடாதீர்கள். துணை இறந்த வருடத்திலும் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டாம். அந்த வருடம் மூன்றாம் படியும் ஒரு வேளை சுடுசோறும் தவறாமல் நடந்தால் போதும். திவசம் முடிந்து, அடுத்த நாட்காட்டி மாட்டும்போது புத்தகத்தை மறுபடி எடுக்கலாம்.